பழைய கார் ஸ்டார்ட் ஆகலையா? 'பம்ப் போச்சு' என்று முடிவு கட்டும் முன் வீட்டிலேயே என்ன சோதிக்கலாம்?

அப்பா பல வருஷம் ஓட்டிய புரோட்டோன் வீரா, அக்காவிடமிருந்து கைமாறிய பெரோடுவா கன்சில், முதல் தலைமுறை மைவி. நம்மில் பலருடைய முதல் கார் இப்படி வீட்டுக்குள்ளேயே கிடைத்ததுதான். மாதத் தவணை இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால், ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. அல்லது கேமரன் மலை ஏறும்போது மூச்சுத் திணறுவதுபோல் இழுத்து, பாதி வழியில் நின்றுவிடுகிறது.

யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "எண்ணெய் வரலை, பம்ப் போச்சு, மாத்திடு." பம்ப், வேலைக் கூலி எல்லாம் சேர்த்தால் சில நூறு ரிங்கிட் எளிதாகப் போய்விடும். சம்பளம் வாங்கத் தொடங்கிய புதிதில் அது சின்னத் தொகை இல்லை. அதைவிட வேதனை, புது பம்ப் போட்ட பிறகும் கார் அதே இடத்தில் நிற்பது. சில ரிங்கிட் பெறுமானமுள்ள ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, அடைத்துப்போன ஒரு ஃபில்டர்கூட இதே அறிகுறியைக் காட்டும்.

எந்தப் பாகத்தையும் வாங்கும் முன், பெட்ரோல் எந்த இடம் வரை வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் பாதி வேலையைக் காது, மூக்கு, ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றைக் கொண்டு வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

பெட்ரோல் எந்த வழியாக எஞ்சினுக்குப் போகிறது?

இன்ஜெக்‌ஷன் உள்ள காரில் பாதை இதுதான். டேங்குக்குள் ஒரு மின்சார பம்ப் இருக்கும். அதன் வாயில் வலைபோல ஒரு சல்லடை. பம்ப் தள்ளும் பெட்ரோல் ஃபில்டரைத் தாண்டி, எஞ்சின் மேலுள்ள 'ஃபியூல் ரெயில்' என்ற குழாய்க்கு வரும். அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதைப் பொடிப்பொடியாகத் தெளிக்கும். அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பது 'ரெகுலேட்டர்'. பழைய கார்கள் பலவற்றில், மிஞ்சிய பெட்ரோல் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும்.

கார்புரேட்டர் கார்களில் பாதை இன்னும் எளிது. பெரும்பாலும் எஞ்சினோடு சேர்ந்த ஒரு மெக்கானிக்கல் பம்ப், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்புரேட்டரின் கிண்ணத்தை நிரப்பும். அழுத்தம் மிகக் குறைவு. 1985-இல் வந்த புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த கன்சில் ஆகியவற்றின் ஆரம்பகால மாடல்கள் இந்த ரகம். 2005-இல் அறிமுகமான மைவி இன்ஜெக்‌ஷன் ரகம்.

உங்கள் கார் எந்த ரகம் என்று தெரியவில்லையா? போனட்டைத் திறங்கள். எஞ்சின் மேலேயே பெரிய வட்ட டப்பாவாக ஏர் ஃபில்டர் உட்கார்ந்திருந்தால், கார்புரேட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜெக்டர்களும் அவற்றுக்குப் போகும் வயர்களும் தெரிந்தால் இன்ஜெக்‌ஷன்.

எந்த அறிகுறி எதைச் சொல்கிறது?

எரிபொருள் கோளாறு எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

• காலையில் மட்டும் நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டியிருக்கிறது, பிறகு நன்றாக ஓடுகிறது: இரவில் குழாயில் நிற்க வேண்டிய அழுத்தம் இறங்கிவிடுகிறது.

• ஊருக்குள் ஓடும்போது பிரச்சினை இல்லை, மலை ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் இழுக்கிறது: எஞ்சின் கேட்கும் அளவுக்குப் பெட்ரோல் வரவில்லை. ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் தளர்ச்சி.

• அரை மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது: சூட்டில் களைத்துப்போகும் பம்ப், ரிலே, அல்லது எஞ்சின் சுற்றுவதைக் கணிக்கும் கிராங்க் சென்சார்.

• கரும்புகை, பெட்ரோல் நெடி, டேங்க் சீக்கிரம் காலியாகிறது: பெட்ரோல் குறைவாக வரவில்லை, தேவைக்கு மேல் வருகிறது. ரெகுலேட்டர் அல்லது ஒழுகும் இன்ஜெக்டர்.

ஸ்டார்ட்டரே மெதுவாகச் சுற்றினாலோ, 'டக் டக்' என்று மட்டும் கேட்டாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், தூரத்தில் இருக்கும் கேஸ் அடுப்பையோ சாமி விளக்கையோ தேடிப் பிடிக்கும்.

அதனால் வேலை திறந்தவெளியில்தான். கதவு மூடிய கராஜில் வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சிகரெட், ஊதுபத்தி, எரியும் அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும். கைக்கெட்டும் தூரத்தில் ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். தனியாகச் செய்ய வேண்டாம். தீப்பிடித்தால் காரைக் காப்பாற்ற நினைக்காமல் விலகிச் சென்று 999-ஐ அழையுங்கள்.

இன்னொன்று, இன்ஜெக்‌ஷன் காரை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் இருக்கும். தெரியாமல் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். கீழே உள்ள முதல் ஐந்து சோதனைகளில் எந்தப் பெட்ரோல் குழாயையும் திறக்க வேண்டியதில்லை.

சோதனை 1: டேங்கில் உண்மையிலேயே பெட்ரோல் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். பழைய காரில் மீட்டர் முள் பொய் சொல்வது சகஜம். டேங்கிலுள்ள மிதவை சிக்கிக்கொண்டால், காலி டேங்கும் 'கால் டேங்க்' என்று காட்டும். கடைசியாக எப்போது ஊற்றினீர்கள், அதன் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்குப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் ஊற்றிப் பாருங்கள்.

அப்படியே டேங்க் மூடியையும் கவனியுங்கள். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தில் காற்று நுழைய வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறும். ஓடிக்கொண்டிருந்த கார் நின்றதும் மூடியைத் திறக்கிறீர்கள், 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபடுகிறது, அதன் பிறகு கார் ஸ்டார்ட் ஆகிறது என்றால், சந்தேகம் மூடியின் மேலும் காற்றுக் குழாயின் மேலும்தான்.

சோதனை 2: பம்ப் பேசுகிறதா?

ஏர்கோன், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒருவர் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பட்டும், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். நீங்கள் பின் சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு 'ங்ஙூம்' என்று ஒரு சத்தம் கேட்டு நிற்க வேண்டும். அதுதான் பம்ப்.

ஏன் உடனே நின்றுவிடுகிறது? எஞ்சின் சுற்றவில்லை என்று தெரிந்ததும் காரின் கணினி பம்பை நிறுத்திவிடும். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

சில பழைய மாடல்களில் 'ஆன்' நிலையில் பம்ப் ஓடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும்தான் ஓடும். அதனால் சத்தம் வராவிட்டால், உதவிக்கு நிற்பவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

சத்தம் கேட்டால் பம்புக்கு மின்சாரம் வருகிறது, மோட்டார் சுற்றுகிறது என்று மட்டும் அர்த்தம். போதுமான அழுத்தம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. சத்தமே இல்லையென்றால், பம்ப் மேல் பழி போடாமல் அடுத்த சோதனைக்கு வாருங்கள்.

சோதனை 3: ஃபியூஸ், ரிலே, வயர்

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எது எதற்கு என்ற படம் இருக்கும். எரிபொருள் பம்புக்கான ஃபியூஸைப் பிடுங்கி, உள்ளே உள்ள கம்பி அறுந்திருக்கிறதா பாருங்கள். அறுந்திருந்தால் அதே ஆம்பியர் உள்ள ஃபியூஸ்தான் போட வேண்டும். 15 ஆம்பியர் இடத்தில் 30 போட்டால், ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். புது ஃபியூஸும் உடனே போய்விட்டால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து ரிலே. ஹாரனுக்கோ வேறு எதற்கோ அதே எண், அதே கால் அமைப்புள்ள ரிலே பெட்டியிலேயே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். பம்ப் ஓடத் தொடங்கிவிட்டால் குற்றவாளி சிக்கிவிட்டான்! செலவு ஒரு ரிலே விலை, அவ்வளவுதான்.

இரண்டும் நன்றாக இருந்தால் மல்டிமீட்டர். பம்புக்குப் போகும் வயர் இணைப்பு பல கார்களில் பின் சீட்டின் அடியில் இருக்கும். இணைப்பைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். கழற்றி அளந்தால், துருப்பிடித்த வயரும் நல்ல வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும். பம்ப் மின்சாரத்தை இழுக்கும்போதுதான் வயரின் பலவீனம் வெளியே தெரியும்.

பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்க, பம்புக்கு 10 வோல்ட்தான் வருகிறது என்றால், வழியில் எங்கோ வயரோ கிரவுண்டோ கறுத்துப் போயிருக்கிறது. புது பம்ப் போட்டாலும் அதற்கும் இதே பட்டினிதான். முழு வோல்ட் வருகிறது, கிரவுண்டும் சரி, ஆனாலும் பம்ப் அசையவில்லை என்றால், இப்போது தைரியமாகச் சொல்லலாம்: பம்ப் போச்சு.

மின்சாரமே வரவில்லையா? ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் அது லேசாக எழும்பும். அசையாமல் படுத்திருந்தால் கிராங்க் சென்சார் அல்லது இக்னிஷன் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். எஞ்சின் சுற்றுவதே தெரியாதபோது, கணினி பம்பையும் ஓட்டாது, ஸ்பார்க்கும் கொடுக்காது. நல்ல பம்புகள் அநியாயமாகக் கழற்றப்படுவது இந்த இடத்தில்தான்.

சோதனை 4: சாவியை மூன்று முறை திருப்புங்கள்

காலையில் மட்டும் தகராறு செய்யும் கார்களுக்கு, கருவியே தேவைப்படாத சோதனை இது. 'ஆன்' நிலையில் பம்ப் ஓடும் கார்களுக்கு மட்டும் பொருந்தும்.

சாவியை 'ஆன்' செய்யுங்கள், பம்ப் சத்தம் நிற்கும் வரை காத்திருங்கள், 'ஆஃப்' செய்யுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மற்ற நாள்களில் பத்து விநாடி அடிக்கும் கார் இப்போது டக்கென்று பிடித்துக்கொண்டால், இரவு முழுவதும் அழுத்தம் எங்கோ கசிந்து இறங்கியிருக்கிறது. பம்பிலுள்ள ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. வெளியே ஈரமோ நெடியோ இருந்தால் குழாயில்தான் கசிவு. அப்படியிருந்தால் காரை ஓட்டவே வேண்டாம்.

சோதனை 5: ஸ்பார்க் பிளக்கும் ஒரு ரப்பர் குழாயும்

சில விநாடி ஸ்டார்ட்டர் அடித்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. சாவியை எடுத்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் சிலிண்டர் வரை வந்துவிட்டது, எரியவைக்க ஸ்பார்க் இல்லை. கோயில், பிளக், வயர் பக்கம் தேடுங்கள். பிளக் காய்ந்து கிடந்தால், பெட்ரோல் வரவில்லை என்ற சந்தேகம் உறுதியாகிறது. ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க அதே இடத்தில் பொறி பறக்கவிடும் சோதனையைச் செய்ய வேண்டாம், சுற்றிலும் பெட்ரோல் ஆவி இருக்கும்.

ரெகுலேட்டர் எஞ்சின் மேல் இருக்கும் கார்களில், அதோடு ஒரு மெல்லிய வேக்யூம் குழாய் இணைந்திருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு அதை மட்டும் உருவிப் பாருங்கள். அதில் காற்றுதான் இருக்க வேண்டும். பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்துவிட்டது. கரும்புகைக்கும் காலியாகும் பர்ஸுக்கும் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

கார்புரேட்டர் காருக்கு?

எஞ்சின் அணைந்திருக்கும்போது ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடியுங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிளைக் கையால் இழுத்தால், மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. இல்லையென்றால் பின்னோக்கிப் போங்கள்: ஃபில்டர், பம்ப், டேங்க். கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டர் என்றால், உள்ளே துருவோ சேறோ படிந்திருப்பது வெளியிலிருந்தே தெரியும்.

மதிய வெயிலில் ஜாமில் நின்றபோது மட்டும் எஞ்சின் அணைகிறதா? எஞ்சின் சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். ஆறவிட்டால் சரியாகிவிடும். ஆனால் குழாய் சூடான பகுதியைத் தொட்டுக்கொண்டு போகிறதா என்று பிறகு பார்க்க வேண்டும்.

பிரஷர் கேஜ்: சந்தேகத்தைத் தீர்க்கும் கருவி

பம்ப் சத்தம் கேட்கிறது, மின்சாரமும் சரி, ஆனாலும் இழுவை இல்லை. இனி காதை நம்பிப் பயனில்லை, அழுத்தத்தை அளக்க வேண்டும். இங்கே பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டியிருப்பதால், பழக்கமுள்ள ஒருவர் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். முதலில் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சினைத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். ஸ்டார்ட்டே ஆகாத கார் என்றால் சில விநாடி ஸ்டார்ட்டர் அடியுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, இணைப்பின் மேல் துணியைச் சுற்றி மெதுவாகத் திறக்க வேண்டும். கேஜை மாட்டி, இணைப்பை இறுக்கிய பிறகுதான் ஃபியூஸும் பேட்டரியும் பழைய இடத்துக்கு. சாவியை 'ஆன்' செய்து கசிவு இல்லை என்று உறுதியான பிறகே எஞ்சினை ஓடவிடுங்கள்.

சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. பொதுவாகப் பழைய இன்ஜெக்‌ஷன் கார்களில் 2.5 முதல் 3.5 பார் வரை, அதாவது ஏறத்தாழ 36 முதல் 50 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். எண்ணைவிட, முள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பாருங்கள்.

• நிறுத்தி வைத்திருக்கும்போது சரி, எஞ்சினை முறுக்கும்போது முள் சரிகிறது: ஃபில்டர் அடைப்பு அல்லது தளர்ந்த பம்ப். முதலில் ஃபில்டரை மாற்றுங்கள், அதுதான் மலிவு.

• ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயை உருவினால் முள் கொஞ்சம் ஏற வேண்டும். அசையவில்லை என்றால் ரெகுலேட்டர் அல்லது அந்தக் குழாய் மேல் சந்தேகம்.

• அளவுக்கு மேல் காட்டுகிறது: டேங்குக்குத் திரும்பும் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது ரெகுலேட்டர் சிக்கியிருக்கலாம்.

• எஞ்சினை அணைத்ததும் முள் சடசடவென்று இறங்குகிறது: நான்காவது சோதனையில் சொன்ன கசிவு.

குழாயைத் திரும்பப் பொருத்தும்போது, இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தைத் தாங்கும் குழாயும் கிளிப்பும்தான் பயன்படுத்த வேண்டும். கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதாரண ரப்பர் குழாய் அந்த அழுத்தத்தில் வெடித்துவிடும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

டேங்கைத் திறந்து பம்பை வெளியே எடுப்பது, இன்ஜெக்டரைக் கழற்றுவது, துருப்பிடித்த இரும்புக் குழாயை மாற்றுவது ஆகியவை ஒர்க்‌ஷாப் வேலை. டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் செத்த பம்ப் உயிர்பெறும் என்று சொல்வார்கள். தேய்ந்த மோட்டாரில் அது சில நேரம் நடக்கும். ஆனால் ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேரத்தான் அது உதவும். அதை நம்பி நெடுஞ்சாலை ஏற வேண்டாம். வேகமாக ஓடும் பாதையில் எஞ்சின் அணைந்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்.

பொமனிடம் எப்படிச் சொல்வது?

"கார் ஸ்டார்ட் ஆகலை, பாருங்க பாஸ்" என்று மட்டும் சொன்னால், அவரும் ஊகத்தில்தான் தொடங்க வேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பம்ப் சத்தம் கேட்குது, ஃபியூஸ் சரி, ரிலே மாத்திப் பார்த்துட்டேன், பிளக் காய்ஞ்சு கிடக்கு, மலை ஏறும்போதுதான் அதிகமா இழுக்குது." தேட வேண்டிய இடம் அவருக்கு உடனே பாதியாகக் குறைந்துவிடும், உங்கள் கூலியும் குறையலாம். பம்ப் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், "பிரஷர் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல பொமன் கோபப்பட மாட்டார், கேஜைக் காட்டுவார்.

'ஹாஃப் கட்' கடையில் பழைய பம்ப் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது எத்தனை வருஷம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. பம்ப் மாற்ற டேங்கைத் திறக்கும் கூலி ஒவ்வொரு முறையும் உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புது பம்ப் போடும்போது சல்லடையையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய அழுக்கு புதுப் பம்பைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

கடைசியாக ஒரு பழக்கம். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிரவைப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான். எச்சரிக்கை விளக்கு எரியும் வரை ஓட்டிவிட்டு, பத்து ரிங்கிட், பத்து ரிங்கிட்டாக ஊற்றிக்கொண்டிருந்தால் பம்ப் சூட்டிலேயே வேலை செய்யும், அதன் ஆயுளும் குறையும். கால் டேங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஊற்றுகிற எண்ணெய் எப்படியும் ஓடித் தீரப்போவதுதான். அதைக் கொஞ்சம் முன்னாலேயே ஊற்றிவிட்டால், பம்புக்கும் ஆயுள் கூடும்.